அந்த அலமாரியை என்ன செய்வது?

அப்பா இறந்த இரண்டாவது வாரம், நான் வெளியே போயிருந்த ஒரு மதியத்தில் அண்ணன் அவருடைய அலமாரியைக் காலி செய்துவிட்டான். சட்டைகள், பெல்ட், குதிகால் தேய்ந்த செருப்பு, கைக்கடிகாரம் வந்த அட்டைப்பெட்டி எல்லாம் மூன்று மூட்டைகளாகப் போய்விட்டன. அவன் மேல் குற்றமில்லை. அந்த அறைக்குள் போகும்போதெல்லாம் அம்மா அழுதுகொண்டிருந்தார். கண்ணில் படாமல் இருந்தால் தேவலை என்று நினைத்தான். அம்மாவும் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. ஆறு மாதம் கழித்து, வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தபோது, "அந்த நீலக் கட்டம் போட்ட சட்டையை மட்டுமாவது வைத்திருக்கலாம்" என்றார். அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டான்.

சித்தி வீட்டில் கதை நேர்மாறு. ஒரு மாலை நடக்கப் போன சித்தப்பா திரும்பவில்லை. பதினோரு ஆண்டாகிறது. படிப்பதற்காக அவர் போடும் கண்ணாடி இன்னும் அதே மேசையில், கழற்றி வைத்த அதே கோணத்தில் இருக்கிறது. தூசி தட்டுவார்கள், நகர்த்த மாட்டார்கள்.

இந்த இரண்டு வீட்டிலும் புழங்கியவன் என்ற ஒரே தகுதியில் இதை எழுதுகிறேன். போனவரின் பொருட்களை என்ன செய்வது என்று யோசிக்கும்போது முன்னால் இருப்பவை நான்கு வழிகள்தான்: உடனே ஒழித்துவிடுவது, அப்படியே விட்டுவைப்பது, பெட்டி கட்டித் தள்ளிவைப்பது, பங்கிட்டு எடுத்துப் பயன்படுத்துவது. இறந்தவர் வீட்டில் இவற்றின் எடை ஒரு மாதிரி, காணாமல் போனவர் வீட்டில் வேறு மாதிரி. அதனால் இரண்டையும் தனித்தனியாகவே பார்க்கிறேன்.

அதற்கு முன், யோசனைக்கே இடமில்லாத சில. மீதியிருக்கும் மருந்து மாத்திரைகளை முதலில் வெளியேற்றுங்கள், முக்கியமாகத் தூக்க மாத்திரைகளையும் வலுவான வலி நிவாரணிகளையும். துக்கத்தில் இருக்கும் வீட்டில், எல்லோரும் தூங்காமல் தவிக்கும் நாட்களில், அவை கையெட்டும் தூரத்தில் இருப்பது ஆபத்து. மருந்துக்கடையிலோ மருத்துவமனையிலோ திரும்ப வாங்கிக்கொள்வார்களா என்று கேட்டுப் பாருங்கள். நோயின் சாமான்களும் அப்படியே: வாடகைக்கு எடுத்த கட்டில், ஆக்சிஜன் கருவி, சக்கர நாற்காலி. அவை அவருடைய பொருட்கள் அல்ல, அவருடைய கடைசி மாதங்களின் பொருட்கள். அவற்றை அனுப்பிவிட்டு வருத்தப்பட்ட யாரையும் நான் பார்த்ததில்லை. காகிதம் மட்டும் ஒரு துண்டுகூட வெளியே போகக் கூடாது. சட்டைப் பையில் மடித்து வைத்த சீட்டு, பழைய டைரி, வங்கிக் கடிதம் எல்லாம் ஒரு பையில் போகட்டும். எது தேவை என்று இப்போது தெரியாது.

உடனே ஒழிப்பது

இதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. வாடகை வீட்டைக் காலி செய்தாக வேண்டும், பிள்ளைகள் விடுப்பு முடிந்து திரும்பியாக வேண்டும், இருக்கும் ஒரே அறை அதுதான். சிலருக்கு மனசே அப்படி. கைக்கு வேலை இருந்தால்தான் துக்கத்தைத் தாங்குவார்கள். துணி மடிப்பதே அவர்களுடைய அழுகை. அவர்களை "இவ்வளவு சீக்கிரமா?" என்று கேட்பது அநியாயம்.

இதில் உள்ள கோளாறு வேகம் அல்ல. ஒழிப்பவர் ஒருவர், இழந்தவர் இன்னொருவர் என்பதுதான். எங்கள் வீட்டில் நடந்தது அதுவே. அண்ணனுக்கு அது பழைய துணி, அம்மாவுக்கு அது முப்பது ஆண்டு. அதனால் அவசரமாக ஒழிக்க வேண்டியிருந்தால் ஒரே ஒரு நிபந்தனை வையுங்கள்: மிக நெருங்கியவர் முதலில் எடுக்க வேண்டியதை எடுக்கட்டும். "வேண்டாம், எதுவும் வேண்டாம்" என்று அவர் சொன்னாலும் அவர் சார்பாக நாலைந்தை நீங்களே ஒதுக்கி வையுங்கள். அலமாரியைத் தொடுவதற்கு முன்னால் இருந்தபடியே ஒரு போட்டோ எடுங்கள். எந்தச் சட்டைக்குப் பக்கத்தில் எது தொங்கியது என்பதுகூடப் பிறகு ஒரு நாள் வேண்டியிருக்கும்.

அப்படியே விடுவது

1861இல் கணவர் ஆல்பர்ட் இறந்தபின் விக்டோரியா ராணி அவருடைய அறையை அப்படியே வைத்திருந்தார், தினமும் சுடுதண்ணீர்கூடக் கொண்டுபோய் வைக்கச் சொன்னார் என்பது பலருக்கும் தெரிந்த கதை. 1901இல் தான் இறக்கும் வரை, நாற்பது ஆண்டு. அரண்மனையில் அறைக்குப் பஞ்சமில்லை, சரி. நம் வீடுகளில் அந்தக் கேள்வி முதலிலேயே வந்துவிடும்: இறந்தவருக்கு ஓர் அறை என்றால் இருப்பவர்களில் யார் கூடத்தில் படுப்பது?

இது ஆரோக்கியமா இல்லையா என்பதில் நிபுணர்களே பக்கம் மாறியிருக்கிறார்கள். போனவரிடமிருந்து மனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தெடுப்பதுதான் துக்கத்தின் வேலை என்று ஃப்ராய்ட் 1917இல் எழுதினார். அந்தக் கருத்துதான் வெகுகாலம் ஓடியது. 1996இல் கிளாஸ், சில்வர்மன், நிக்மன் என்ற மூவர் தொகுத்த ஆய்வுகள் அதைத் திருப்பிப் போட்டன. பெரும்பாலோர் இறந்தவருடன் உறவைத் துண்டிப்பதில்லை, அதை வேறு வடிவில் தொடர்கிறார்கள், அதில் நோய் எதுவும் இல்லை என்றார்கள். ஆனால் உறவைத் தொடர்வதிலும் வகை உண்டு. துணையை இழந்தவர்களைப் பார்த்து நைஜல் ஃபீல்டும் அவருடைய சகாக்களும் 1999இல் எழுதியதில், இனிய நினைவுகளின் வழியாகத் தொடர்பைப் பேணியவர்களின் வேதனை குறைவாகவும், பொருட்களைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் தேடியவர்களின் வேதனை அதிகமாகவும் இருந்தது. பொருளைப் பிடித்துக்கொண்டதால் வேதனை கூடியதா, வேதனை கூடியதால் பொருளைப் பிடித்துக்கொண்டார்களா? எனக்கு இரண்டாவதுதான் சரியென்று படுகிறது. எப்படியானாலும், பொருளைப் பறிப்பது வேதனைக்கு மருந்து என்று இதிலிருந்து யாரும் முடிவுகட்டக் கூடாது.

நான் வைத்திருக்கும் அளவுகோல் காலண்டர் அல்ல, கதவு. அந்த அறைக்குள் போகவும் முடிகிறது, வெளியே வரவும் முடிகிறது என்றால் எத்தனை மாதம் வேண்டுமானாலும் அப்படியே இருக்கட்டும். உள்ளே போனால் நாள் முழுக்க வர முடியவில்லை, அல்லது பயத்தில் அந்தப் பக்கமே போக முடியவில்லை என்றால், பூட்டியிருப்பது அறையை மட்டுமல்ல.

இங்கே ஒரு சின்னக் குறுக்கீடு. "ஏற்றுக்கொள்ளும் கட்டம் வரட்டும், அப்புறம் அலமாரியைத் திறக்கலாம்" என்று ஆலோசனை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். மறுப்பில் தொடங்கி ஏற்பில் முடியும் அந்த ஐந்து கட்டக் கணக்கை எலிசபெத் க்யூப்ளர்-ராஸ் 1969இல் எழுதியது, தாங்களே இறந்துகொண்டிருந்த நோயாளிகளிடம் பேசியதை வைத்து. பின்னால் இருப்பவர்கள் ஏறிப்போக வேண்டிய ஐந்து படிக்கட்டு அது அல்ல. ஐந்தாவது படி வரட்டும் என்று காத்திருந்தால் வராமலே போகலாம்.

பெட்டி கட்டுவது

என் ஓட்டு இதற்குத்தான், வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். காரணம் எளிது. மற்ற மூன்று வழிகளில் எதற்குப் போக வேண்டுமானாலும் இதிலிருந்து போகலாம். கொடுத்த சட்டையைத் திரும்ப வாங்க முடியாது, பெட்டியில் போட்டதை எடுக்கலாம்.

1999இல் ஸ்ட்ரோபே, ஷூட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சொன்னது எனக்கு இங்கே உதவுகிறது. துக்கப்படுபவர் இழப்பை நோக்கி ஒரு முறை, வாழ்க்கையை நோக்கி ஒரு முறை என்று ஊசலாடிக்கொண்டே இருக்கிறார், அந்த ஊசலாட்டமே ஆற்றுகிறது என்றார்கள். பெட்டி அதற்கு வாகான பொருள். மூடியும் வைக்கலாம், திறக்கவும் செய்யலாம்.

கட்டும் விதத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். கடைசியாகப் போட்டுத் துவைக்காத ஒரு துணியை மட்டும் காற்றுப் புகாத பையில் தனியாக வையுங்கள். மற்ற புலன்களின் செய்தி தாலமஸ் என்ற இடைத்தரகர் வழியாகத்தான் மூளையின் மேல்தளத்துக்குப் போகிறது. வாசனைக்கு மட்டும் குறுக்குவழி உண்டு. உணர்ச்சியும் நினைவும் உருவாகும் பகுதிகளை அது நேரே எட்டிவிடும். அதனால்தான் சட்டையை முகர்ந்த நொடியில் ஆள் எதிரில் நிற்கிறார். அந்த வாசனை திறந்து கிடந்தால் சில வாரங்களில் போய்விடும், துவைத்தால் அன்றைக்கே. எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று மேலே எழுதி ஒட்டுங்கள். அடுத்து எப்போது திறப்பது என்று ஒரு மாதத்தையும் எழுதுங்கள். வீட்டில் இருந்தால் தாங்க முடியாது என்றால் நம்பிக்கையான உறவினர் வீட்டுப் பரணில் இருக்கட்டும்.

குறை இல்லாமல் இல்லை. தேதி எழுதாத பெட்டி இருபது ஆண்டு பரணில் கிடந்து, கடைசியில் யாருடையது என்றே தெரியாத பேரப்பிள்ளைகள் தூக்கிப்போடுவார்கள்.

நான்காவது வழியான பங்கிட்டுக்கொள்வதைப் பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை, கேட்டுவிட்டுக் கொடுக்க வேண்டும் என்பதைத் தவிர. அப்பாவின் கைக்கடிகாரம் என் கையில் ஓடுகிறது. முதல் மாதம் மணி பார்க்கவே முடியவில்லை. இப்போது மணி மட்டும்தான் பார்க்கிறேன். சட்டை, செருப்பு மாதிரி உடம்போடு ஒட்டியவற்றைத் தெரிந்தவருக்குக் கொடுத்தால் ஒரு நாள் தெருவில் அந்தச் சட்டை எதிரே நடந்து வரும். அதைத் தாங்கிக்கொள்வோமா என்று முன்கூட்டியே யோசியுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்களும் ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்கட்டும். அவர்கள் எடுப்பது நமக்குக் குப்பையாகத் தெரியும். பரவாயில்லை.

கைபேசியும் கணக்குகளும்

அலமாரியைப் பற்றி எல்லோரும் யோசிக்கிறார்கள், இதைக் கோட்டை விடுகிறார்கள். இங்கே 'அப்படியே விடுவது' என்ற வழியே கிடையாது. விட்டால் தானாக அழியும்.

பயன்படுத்தாத சிம் சில மாதங்களில் துண்டிக்கப்பட்டு, அந்த எண் வேறொருவருக்குப் போய்விடும். பிறகு அவருடைய எண்ணுக்கு அழைத்தால் யாரோ ஒருவர் எடுத்து "யாருங்க?" என்று கேட்பார். வாட்ஸ்அப் கணக்கு 120 நாள் இயங்காமல் இருந்தால் பொதுவாக நீக்கப்படும். இரண்டு ஆண்டு தொடாத கூகுள் கணக்குகளை 2023 டிசம்பரிலிருந்து நீக்கத் தொடங்கிவிட்டார்கள். அதிலிருக்கும் மின்னஞ்சல், போட்டோ எல்லாம் சேர்ந்தே போகும். வங்கிக் கணக்கை முடிப்பதற்கான ஓடிபிகூட அந்த எண்ணுக்குத்தான் வரும் என்பது எண்ணைத் துண்டித்த பிறகுதான் பலருக்கு உறைக்கிறது.

ஆகவே எண்ணை உடனே ரத்து செய்வதற்கும், மிகக் குறைந்த ரீசார்ஜில் ஓராண்டு ஓட விடுவதற்கும் இடையில் கேட்டால் இரண்டாவதையே சொல்வேன். அந்த ஓராண்டில் குரல் பதிவுகளையும் படங்களையும் வேறு இரண்டு இடங்களில் நகலெடுத்துவிடுங்கள். வாய்ஸ்மெயிலில் அவர் குரல் இருந்தால் அதை முதலில். அது அவர் கைபேசியில் இல்லாமல் தொலைபேசி நிறுவனத்திடம் இருக்கும், இணைப்பு போனால் குரலும் போகும்.

குரலின் மதிப்பு என்னவென்று லண்டனில் ஒரு சம்பவம் சொல்லும். சுரங்க ரயிலில் 'இடைவெளியைக் கவனியுங்கள்' என்ற அறிவிப்பை ஆஸ்வால்ட் லாரன்ஸ் என்ற நடிகர் பதிவுசெய்திருந்தார். 2007இல் அவர் இறந்தபின், அவருடைய மனைவி எம்பேங்க்மென்ட் நிலையத்தில் உட்கார்ந்து அந்தக் குரலைக் கேட்பது வழக்கம். 2012இல் அறிவிப்பு மாற்றப்பட்டது. அவர் விவரம் சொல்லிக் கேட்டதும் பதிவின் நகலைக் கொடுத்தார்கள், 2013இல் அந்த நிலையத்தில் மட்டும் பழைய குரலையே திரும்பப் போட்டார்கள். எல்லோருக்கும் அப்படி ஒரு ரயில் நிலையம் வாய்க்காது, நகல் எடுத்து வைக்கலாம்.

ஃபேஸ்புக்கில் கணக்கை நீக்கலாம், இல்லாவிட்டால் நினைவுப் பக்கமாக மாற்றலாம். மாற்றினால் பிறகு அதில் யாரும் உள்நுழைய முடியாது. அவர் உயிரோடு இருந்தபோதே ஒரு பொறுப்பாளரை நியமித்திருந்தால் (2015 முதல் அந்த வசதி உண்டு) அந்தப் பொறுப்பாளர் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் தனிச் செய்திகளைப் படிக்க முடியாது. அது நல்லது என்றே நினைக்கிறேன். இறந்தவருக்கும் கொஞ்சம் அந்தரங்கம் இருக்கட்டும்.

காணாமல் போனவர் வீட்டில்

இங்கே மேலே சொன்னதில் பாதி தலைகீழாகிறது.

வியட்நாம் போரில் காணாமல் போன அமெரிக்க வீரர்களின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்த பாலின் பாஸ் இதற்குத் 'தெளிவற்ற இழப்பு' என்று பொருள்படும் ஒரு பெயர் வைத்தார். ஆள் கண்ணெதிரே இல்லை, மனத்திலிருந்து போகவும் இல்லை. மரணத்தில் ஒரு கதவு மூடுகிறது, இங்கே அது ஒருக்களித்தே நிற்கிறது. அவர் சொன்னதில் எனக்குப் பிடித்தது, குடும்பத்தை ஒரு முடிவுக்குத் தள்ளாதீர்கள் என்பது. 'அவர் போய்விட்டார்', 'அவர் வரலாம்' இரண்டையும் ஒரே நேரத்தில் மனத்தில் வைத்திருக்க முடியும், வைத்திருக்கலாம்.

அதனால் உடனே ஒழிப்பது என்ற வழியை இங்கே முழுசாகத் தள்ளிவிடுங்கள். மனசுக்காக மட்டுமல்ல, வேறொரு காரணமும் இருக்கிறது. அவருடைய டூத் பிரஷ், சீப்பு, சவரக்கத்தி, துவைக்காத உள்ளாடை ஆகியவற்றில் மரபணு இருக்கிறது. 2001 செப்டம்பரில் நியூயார்க் கோபுரங்களில் இறந்தவர்கள் 2,753 பேர். குடும்பங்கள் கொண்டுவந்து கொடுத்த பிரஷ்களையும் சீப்புகளையும், உறவினர்களின் மாதிரிகளையும் ஒப்பிட்டு அடையாளம் காணும் வேலை இருபது ஆண்டு தாண்டியும் முடியவில்லை. 2023இல்கூட இருவர் அடையாளம் காணப்பட்டார்கள். இன்னும் சுமார் 1,100 பேர் பாக்கி. யாராவது அந்த பிரஷைப் பழசு என்று எறிந்திருந்தால்? சித்தி வீட்டில் அந்தத் தப்பை நாங்களே செய்தோம். மூன்றாம் நாள் குளியலறையைக் கழுவிய நல்ல மனசுக்காரர் பிரஷையும் சேர்த்து எறிந்துவிட்டார்.

இவற்றைக் கையால் தொடாமல், நன்றாக உலர்ந்தபின் ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் போடுங்கள். வாசனைச் சட்டைக்குத்தான் பிளாஸ்டிக். இதற்குக் காகிதம், ஏனென்றால் பிளாஸ்டிக்கில் ஈரம் தங்கி மரபணு கெடும். பல் மருத்துவரிடம் எடுத்த எக்ஸ்ரே, முகம் நேராகத் தெரியும் அண்மைப் படம், அன்று என்ன உடுத்தியிருந்தார் என்ற குறிப்பு எல்லாம் அதே பெட்டியில். போலீசிடம் எதைக் கொடுத்தாலும் என்ன கொடுத்தோம், யாரிடம், எந்தத் தேதியில் என்று எழுதி வையுங்கள்.

எண்ணை ரத்து செய்யவே கூடாது. அவருடையதை மட்டும் சொல்லவில்லை, உங்களுடையதையும் சொல்கிறேன். எங்கோ இருக்கும் அவருக்கு நினைவில் இருக்கும் ஒரே எண் வீட்டு எண்ணாக இருக்கலாம்.

ஆனால் இதெல்லாம் ஒரு பெட்டிக்குள் அடங்கிவிடும். மீதி அறை? அப்படியே விடலாமா? முதல் ஓராண்டு, இரண்டாண்டு விடலாம் என்பேன். அதற்கு மேல் அறையை மாற்றுவது அவரைக் கைவிடுவது ஆகாது. மகள் அங்கே படிக்கட்டும், ஓர் அலமாரி மட்டும் அவருக்கென்று இருக்கட்டும். 'வந்தால் இடம் இருக்கிறது' என்பதற்கு முழு அறை வேண்டியதில்லை. சித்திக்கு இதைச் சொல்ல எனக்கு ஒன்பது ஆண்டு ஆனது. இப்போது மேசையும் கண்ணாடியும் ஜன்னல் ஓரத்தில், மற்ற இடத்தில் தையல் மிஷின்.

பல நாடுகளின் சட்டத்தில், சுமார் 7 ஆண்டு எந்தத் தகவலும் இல்லாவிட்டால் இறந்ததாகக் கருதி நீதிமன்றத்தில் சான்று கேட்க வழி இருக்கிறது. சொத்து, காப்பீடு, மறுமணம் என்று காகிதத் தேவை இருந்தால் அதைக் கேளுங்கள், தவறில்லை. சான்று வந்துவிட்டது, இனி அலமாரியைக் காலி செய்ய வேண்டாமா என்று யாராவது ஆரம்பித்தால், அது நீதிமன்றத்தில் யாரும் கேட்காத கேள்வி என்று சொல்லிவிடுங்கள்.

ஜப்பானில் ஒட்சுச்சி என்ற ஊரில், இணைப்பே இல்லாத தொலைபேசி ஒன்று ஒரு தோட்டத்துக் கூண்டில் இருக்கிறது. இறந்துபோன உறவினரிடம் பேசுவதற்காக ஒருவர் 2010இல் வைத்தது. அடுத்த மார்ச்சில் சுனாமி வந்தது. அதில் சுமார் 2,500 பேர் இன்றுவரை காணாமல் போனவர்கள் பட்டியலில்தான் இருக்கிறார்கள். அவர்களுடைய வீட்டார் பலர் அங்கே போய், ரிசீவரை எடுத்துப் பேசிவிட்டு வைக்கிறார்கள். கேட்பவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று அந்தக் கருவி கேட்பதில்லை.

வெளி உதவி எப்போது? பெரும்பாலோருக்கு வீட்டார், நண்பர்கள், காலம் இவை போதும். ஆனால் பெரியவர்களுக்கு மரணம் நடந்து ஓராண்டு தாண்டியும் (2022இல் வந்த அமெரிக்க மனநலக் கையேட்டின் கணக்கு இது, உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் ஆறு மாதம்) ஏக்கம் கொஞ்சமும் தணியாமல், வேலை, உணவு, தூக்கம் எதுவும் நடக்கவில்லை என்றால், அதற்கென்றே சிகிச்சை இருக்கிறது, அலமாரி பிறகு. உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் ஓராண்டெல்லாம் பார்க்க வேண்டாம், அன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள்.

கடைசியாக, வீட்டுக்குள் சண்டை. ஒருவர் ஒழிக்க வேண்டும் என்பார், ஒருவர் தொடாதே என்பார். அப்போது தொடாதே என்பவர் பக்கம் நில்லுங்கள், ஆனால் ஒரு கெடு வைத்து: ஆறு மாதம் கழித்துத் திரும்பப் பேசுவோம் என்று. அண்ணனுக்கும் அம்மாவுக்கும் நடுவில் அந்தப் பேச்சு நடக்கவே இல்லை. நீலக் கட்டச் சட்டை போனது போனதுதான். போட்டோ ஒன்றில் அப்பா அதைப் போட்டிருக்கிறார், அதைப் பெரிதாக்கி அம்மாவிடம் கொடுத்தவன் அண்ணன்தான்.